கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் கொல்லர் கைக் கத்தியும்

உலகிற் கைத்தொழில்கள் பலவற்றுள்ளும் கொல்லுத் தொழிலே ஏனையவற்றுக்குத் தாய்த்தொழில் எனல் மிகையாகாது. உழவனுக்குக் கொழுவும், தச்சனுக்கு உளியும், சிற்பிக்குச் சிற்றுளியும், தட்டானுக்குச் சுத்தியும், வலைஞனுக்கு மீன் அரியும் கத்தியும், மனையாளுக்கு அரிவாள்மணையும் கொல்லனது உலையினின்றே பிறக்கின்றன. காவிரியின் கடைமடையாகிய நம் காரைக்காற் பகுதியில், விதைப்புக்கு முன்னர்க் கொழுவும் அறுப்புக்கு முன்னர்க் கதிரரிவாளும் ஏந்தி உழவர்கள் பட்டறை வாயிலிற் காத்துநின்ற காலத்தை நம் முதியோர் அறிவர். ஆயினும் ஒரு கத்தியைக் கையில் எடுத்தவுடன் அதன் விலையைக் கேட்போர் பலர். கூர்மையைச் சோதிப்போர் சிலர். இதனைச் செய்த கை யாருடையது, அக்கை இவ்வித்தையை எங்ஙனம் கற்றது என வினவுவோர் மிக மிகச் சிலரே.

அங்ஙனம் வினவிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மாத இதழிற் கூற யாம் விழைகின்றோம். அவர் நம் மரபிற் பிறந்தவர் அல்லர். பட்டறையிற் சம்மட்டி பிடித்தவரும் அல்லர். எனினும் விசுவகர்ம குலத்தார் கைத்திறனை மேனாட்டார் அறிய எடுத்தியம்பியவர்களுள் அவர் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். கலாயோகி எனத் தமிழ்மக்கள் அன்போடு அழைக்கும் ஆனந்த குமாரசுவாமியே அவர்.

ஈழநாட்டுத் தமிழ்ப் பெருங்குடிகளுள் ஒன்றிற் பிறந்து, ஆங்கில நாட்டில் வழக்கறிஞர் பட்டம் பெற்று, 1874-ஆம் ஆண்டில் சர் பட்டமும் எய்திய முத்துக்குமாரசுவாமி என்பார் அவர்தம் தந்தையார். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863-இல் வெளியிட்ட புலமையாளர் அவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருக்கு உடன்பிறந்தாள் மக்கள். தாயார் எலிசபெத்து பீபி என்னும் ஆங்கில மாது. இவ்விருவர்க்கும் ஒரே புதல்வராக ஆனந்தர் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். கொழும்பு அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பெற்றதும் அவ்வாண்டிலேயாம்.

குழந்தை தாயாருடன் இங்கிலாந்து சென்றது. மனைவியையும் மகவையும் தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879-ஆம் ஆண்டிற் கொழும்பிலேயே காலமானார். இரண்டு வயதிற்குள் தந்தையை இழந்த சிறுவர், தந்தையின் நாட்டைக் காணாதவராகவே வளர்ந்தார். விக்கிளிப்புக் கல்லூரியிற் பயின்று, பின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புகுந்து, நிலநூலும் பயிர்நூலும் கற்று 1900-ஆம் ஆண்டிற் சிறப்புடன் தேறினார். கலைநூல் அவர் முதலிற் கற்ற நூலன்று என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். கல்லையும் மண்ணையும் கனிமத்தையும் ஆராயும் கண்ணே பின்னர்க் கைவினையையும் ஆராய்ந்தது.

அக்கல்வி அவரைத் தந்தையின் நாட்டிற்கு அழைத்து வந்தது. இலங்கைக் கனிம ஆராய்ச்சித் துறையின் தலைவராக 1903 முதல் 1906 வரை அவர் பணிபுரிந்தார். தோரியனைட்டு என்னும் கனிமத்தை 1904-ஆம் ஆண்டிற் கண்டறிந்து அறிவியலார் மதிப்பைப் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் பேரறிஞர் பட்டம் வழங்கிற்று. அரசாங்க ஊழியத்தில் உயர்ந்து, ஓய்வூதியம் பெற்று அமைதியாக வாழ்வதற்கு வேண்டிய யாவும் அவர்பால் அமைந்திருந்தன. அவ்வழியே அவர் சென்றிருப்பின் இன்று நிலநூலார் சிலரே அவர் பெயரை அறிந்திருப்பர்.

கனிமம் தேடிக் காட்டிலும் மலையிலும் மாட்டுவண்டியிற் சுற்றிய அவ்வாண்டுகளிலே, கல்லினும் அரிய செல்வம் ஒன்று அழிந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். கண்டி அரசு 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. இறுதியாக ஆண்ட மன்னர்கள் தென்னாட்டு நாயக்கர் வழியினர் என்பதை நம்மவர் பலர் அறிவர். கடைசி அரசராகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கர் வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832-இல் மறைந்தார். அரசு வீழ்ந்தவுடன் அரண்மனையைச் சார்ந்திருந்த கம்மியரும் ஆதரவு இழந்தனர். அரசன் பணிக்கெனவே நான்கு பட்டறைக் கூட்டங்கள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று பொன்வாட் பட்டறை எனப் பொருள்படும் பெயருடையது. அக்கூட்டத்தார்க்கு மானியமாக நிலம் உண்டு. நிலத்திற்கு ஈடாக அவர்கள் செலுத்திய வரி தம் கைவினையே. அரசன் போயின பின்னர் வாளை வேண்டுவார் இலர். அணிகலனை ஏவுவார் இலர். மகன் தந்தையின் உளியை விடுத்து வேறு கூலி தேடினான்.

ஆனந்தர் தம் மனைவியார் எத்தல் மேரியுடன் ஊர் ஊராகச் சென்று இக்கம்மியர்களைக் கண்டார். அவர் வினவி எழுத, அம்மையார் ஒளிப்படம் எடுத்தார். அம்மையார் பின்னாளில் இங்கிலாந்தில் கைந்நெசவுக்குப் புத்துயிர் அளித்த பெருமாட்டியாக விளங்கினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முதிய தச்சரும் கொல்லரும் தட்டாரும் ஓவியரும் தம் வித்தையின் மறைவுகளை இவ்விளைஞருக்குச் சொன்னார்கள். தென்னாட்டினின்று முன்னாளிற் குடியேறிய கம்மியர் வழியினர் எனக் கூறிக்கொண்ட குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. விசுவகர்மாவைத் தம் முதல்வராகக் கொள்ளும் வழக்கமும், அளவு நூல்களைப் பாராயணம் பண்ணும் வழக்கமும் நம்மவரைப் போன்றே அவர்களிடமும் நிலவின.

அவர் கண்ட பொருள்களுள் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது கண்டி நாட்டுக் கத்தியாகும். சிங்களத்திற் பிஹா-கேத்த என வழங்கும் அக்கத்தி நீளத்திற் சிறியது, முதுகு தடித்தது, ஒருபுறம் மட்டுமே கூருடையது. அரசன் தன் பிரதானிகளுக்கு வரிசையாக அளித்த பொருள்களுள் அதுவும் ஒன்று. ஓலை எழுதும் எழுத்தாணியும் அக்கத்தியும் ஒரே உறையிற் சேர்ந்திருக்கக் காண்பதும் உண்டு. ஓலையைச் செப்பமாக நறுக்கவும் எழுதவும் வேண்டியிருந்த காலத்தில் அவ்விரண்டும் இணைபிரியாதனவாம். பிடி எருமைக்கொம்பு, தந்தம், மரம் இவற்றாலாயது. செதுக்கு வேலை மிகுந்தது. அலகும் பிடியும் கூடுமிடத்திற் பித்தளை அல்லது வெள்ளிக் கட்டு இருக்கும். அலகின் மேற்பாகத்தில் வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடிக்கருக்கு வேலை செய்யப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. அவ்வேலைப்பாடு பிடியை அடுத்தும் முதுகை ஒட்டியும் மட்டுமே நிற்கும், வாய்ப்பகுதியைத் தொடாது. ஏன்? கத்தி என்பது தீட்டப்படுவது. தீட்டுந்தோறும் வாய் தேயும். தேயுமிடத்தில் வெள்ளியைப் பதிப்பவன் வித்தை அறியாதவன். எனவே அணியை எங்கு நிறுத்துவது என்பதை அழகுணர்ச்சி மட்டும் தீர்மானிக்கவில்லை. சாணைக்கல்லும் சேர்ந்தே தீர்மானித்தது. பயனும் அழகும் இருவேறு பொருள் அல்ல என்று ஆனந்தர் தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கொள்கை, இத்தகைய கத்தியொன்றிலேயே கண்கூடாக விளங்குகின்றது.

பதிக்கும் முறையும் அறியத்தக்கது. இரும்பின் மேற்பரப்பைச் சிற்றுளியாற் கீறிப் பள்ளம் செய்து, மெல்லிய வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துச் சிறு சுத்தியால் தட்ட, மெல்லிய உலோகம் பள்ளத்திற் புகுந்து பிடித்துக்கொள்ளும். பற்றாசு வேண்டுவதில்லை. கீறல் ஆழம் குறையின் வெள்ளி பெயர்ந்துவிடும். மிகின் அலகு வலுவிழக்கும். கையளவே அளவுகோல். இவ்வேலையைப் பாக்குவெட்டியிலும் அவர்கள் செய்தனர். வெற்றிலை மெல்லும் எளிய வழக்கத்திற்கும் அத்துணைக் கலை சேர்ந்திருந்தது.

கத்தியின் அழகைக் கண்டவர் அதன் உள்ளீட்டையும் ஆராயாமல் விடவில்லை. கனிமநூல் வல்லாராகிய அவர்க்கு எஃகு எங்ஙனம் பிறந்தது என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. எஃகு உருக்கும் பழைய முறையை அறிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்த அக்காலத்தில், சபரகமுவ மலைப்பகுதியில் அவர்களைக் கொண்டு அதனைச் செய்து காட்டச் செய்து, கண்டவாறே குறித்து வைத்தார். சிறு களிமண் மூசையில் இரும்புத் துண்டையும் உலர்ந்த ஆவார மரச்சிராய்களையும் இட்டு, வாயை மண்ணால் மூடி, உலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவர். விறகின் கரிச்சத்து இரும்பினுள் ஏறும். ஏறியவுடன் இரும்பு எளிதில் உருகும். ஆறவிட்டு மூசையை உடைக்க, எஃகுக் கட்டி வெளிப்படும்.

இது ஈழத்திற்கு மட்டும் உரிய வித்தையன்று. நம் சேலம் பகுதியிலும் ஆவார மரத்தையும் பச்சிலைகளையும் இட்டு மூசையிலேயே எஃகு உருக்கினர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளும் மூசைகளும் இத்தொழிலின் தொன்மையைக் காட்டுகின்றன. உருக்கு என்னும் தென்னாட்டுச் சொல்லே மேனாட்டாரின் வாயில் ஊட்ஸ் எனத் திரிந்தது என அறிஞர் கூறுவர். அக்கட்டிகள் கடல் கடந்து சென்று, மேற்காசிய நாடுகளின் பெயர்பெற்ற வாள்களாயின. ஆங்கிலேய வணிகர் ஒருவர் நம் கடற்கரையிலேயே, வடக்கே உள்ள பரங்கிப்பேட்டையில், 1830-களில் பெரிய இரும்பாலை நிறுவினார், அதுவும் நிலைக்கவில்லை. இறக்குமதியான மலிவு இரும்பின் முன் பழைய உலையும் அணைந்தது. ஆவாரம் பூவை இன்று நாம் மருந்துக்கும் பொங்கற் காப்புக்கும் பறிக்கின்றோம். அதன் மரம் உலகப்புகழ் பெற்ற எஃகிற்கு உயிரூட்டிற்று என்பதை நம் சிறுவர்க்கு யார் சொல்வார்?

தாம் கண்டவற்றை ஆனந்தர் தம் குறிப்பேட்டில் மூடி வைக்கவில்லை. 1905-ஆம் ஆண்டிற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று விடுத்தார். பழங்கட்டடங்களைப் பாழாக்காது காக்க வேண்டுமென்றும், கம்மியர்க்கு வேலை அளித்து அவரை வாழ்விக்க வேண்டுமென்றும் அதில் வேண்டிக்கொண்டார். சமூகச் சீர்திருத்தச் சங்கம் நிறுவி, மேனாட்டு நடையுடை பாவனைகளைக் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்று, பிராடு கேம்டன் என்னும் சிற்றூரிற் பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்தி அதில் வாழ்ந்தார். கைத்தொழிலுக்காகவே வாழ்ந்த வில்லியம் மாரிசு என்னும் ஆங்கிலப் பெரியார் நூல் அச்சிட்ட அதே கையச்சுப்பொறி ஆனந்தர் மேற்பார்வையில் வந்தது. மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் அவர்தம் பெருநூல் அப்பொறியில் 15 மாதங்கள் மெல்ல மெல்ல அச்சாகி 1908-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அச்சிட்ட படிகள் 425 மட்டுமே. கைவினையைப் பற்றிய நூலும் கைவினையாகவே பிறத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இரும்பு, பொன், தந்தம், மரம், நெசவு, ஓவியம் யாவும் அந்நூலிற் கூறப்பட்டன. இன்றும் கண்டிக் கத்தி ஒன்றைக் கண்டு அதன் இயல்பறிய விழைவோர் அந்நூலையே முதலில் நாடுகின்றனர்.

அடுத்த ஆண்டாகிய 1909-இல் இந்தியக் கைவினைஞர் என்னும் சிறுநூல் இலண்டனில் வெளிவந்தது. நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நூல் இது. கிராமத்துக் கம்மியன், நகரத்துச் சங்கக் கம்மியன், அரசவைக் கம்மியன் என மூவகையாகப் பகுத்து, ஒவ்வொருவரும் எங்ஙனம் வாழ்ந்தனர் என அவர் விளக்கினார். தென்னாட்டுக் கம்மாளரின் ஐந்தொழிற் பிரிவையும், விசுவகர்மாவின் ஐந்து மக்களிடமிருந்து தம் வழியைக் கூறும் மரபையும், அவர்தம் பூணூல் உரிமையையும் எடுத்துரைத்தார். கருத்தும் கையும் ஒன்றுபட்ட தொழிலாளி வெறுங் கூலியாள் அல்லன், தன் தொழிலையே வழிபாடாகச் செய்பவன் என மேனாட்டார்க்கு அவர் உணர்த்தினார். மேலும் 1914-ஆம் ஆண்டில் இந்தியச் சிற்ப உருவங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு விசுவகர்மா என்றே பெயரிட்டார். நம் குலமுதல்வர் பெயர் இலண்டன் மாநகரில் ஒரு கலைநூலின் முகப்பில் அங்ஙனம் பொறிக்கப்பட்டது.

ஆயினும் அவர் கூறிய அனைத்தையும் நாம் வேதமாகக் கொள்ள வேண்டுவதில்லை. தந்தை தொழிலை மகன் செய்தலே சிறப்பு என அவர் பெரிதும் நம்பினார். பட்டறையிற் பிறந்த சிறுவன் விளையாட்டாகவே வித்தை கற்கிறான் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அப்பழைய ஒழுங்கில் எல்லார்க்கும் ஒத்த மதிப்பு இருந்ததில்லை. கற்க விரும்பிய வேறொருவனுக்குக் கதவு அடைபட்டிருந்ததும் உண்டு. வேறொன்று கற்க விரும்பிய நம் பிள்ளைக்கும் அக்கதவு அடைபட்டேயிருந்தது. இன்று நம் மக்கள் மருத்துவராகவும் பொறியியலாராகவும் விளங்குவது கண்டு யாம் பெருமகிழ்ச்சி எய்துகின்றோம். வித்தையைக் காத்தல் வேண்டும். ஆனால் மனிதனைக் கட்டி வைத்து வித்தையைக் காத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு அவர் நூல்களைப் பயில்வதே நமக்கு நன்மை தரும்.

சுதேசிய இயக்கம் நாடெங்கும் பரவிய காலத்தில் அவர் கூறிய அறிவுரை இன்றும் பொருந்துவதாம். கலையும் சுதேசியமும் என்னும் அவர் நூலைச் சென்னைக் கணேசு கம்பெனியார் 1912-இல் வெளியிட்டனர். அயல்நாட்டுப் பொருளை விலக்கிவிட்டு, அதே மாதிரியான அழகற்ற பொருளை உள்நாட்டு ஆலையிற் செய்து வாங்குதல் மட்டும் சுதேசியம் ஆகாது என்பது அவர் கொள்கை. நம் ஊர்க் கம்மியன் கையிலுள்ள திறனை வாழவைப்பதே மெய்யான சுதேசியம் என்றார்.

அவர் அரும்பொருள்களைத் தொகுத்தவருமாவார். ஓவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் கைவினைப் பொருள்களையும் நாடெங்கும் சுற்றிச் சேகரித்தார். அலகாபாத்தில் 1910-11-இல் நடந்த பெரிய பொருட்காட்சியிற் கலைப்பகுதியை அவர் அமைத்தார். இந்நாட்டில் ஒரு தேசிய அருங்காட்சியகம் எழுப்பப்படுமாயின் தம் தொகுப்பு முழுவதையும் அதற்கு அளிக்க முன்வந்தார். பொருளுதவி செய்வார் இலர். செல்வர் பலர் வாழ்ந்த நாட்டில், தன் செல்வத்தைக் காக்க ஒரு மண்டபம் எழவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில், அயலாட்சிக்காகப் போர்புரிய உடன்படாத அவர், 1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பகுதிக் காப்பாளர் ஆனார். அவர் தொகுப்பின் பெரும்பகுதியை டென்மன் ராஸ் என்னும் செல்வர் விலைக்கு வாங்கி அவ்வருங்காட்சியகத்திற்கே வழங்கினார். இந்நாட்டின் பொருள் எனினும், அதனைக் காண விழைவோர் கடல் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று.

இதனைப் படிக்கும்போது நம் அண்டை நாடாகிய தஞ்சையில் நிகழ்ந்ததும் நினைவுக்கு வருகின்றது. தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி 1855-இல் ஆண்மகவின்றி மறைந்தார். அரண்மனைப் படைக்கொட்டிலில் வாள், கட்டாரி, ஈட்டி, யானைத் துறட்டி முதலியன குவிந்து கிடந்தன. ஐரோப்பாவினின்று வந்த அலகுகளுக்கு நம் நாட்டுக் கம்மியர் பிடி அமைத்த வாள்களும் அவற்றுள் இருந்தன. 1860-களில் அரசாங்கத்தார் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றனர். பிடியிற் செதுக்கிய யாளியும் கிளியும் கொடியும் எடைக்கு எடை போயின. எழும்பூரில் எஞ்சியவற்றைக் காணும் நம் இளைஞர்கள், காணாமற்போனவற்றையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொகுப்பார் ஒருவர் உரிய காலத்தில் இன்மையால் நேர்ந்த நட்டம் அது.

காரைக்காலார்க்கு ஆனந்தரிடம் தனிப்பட்ட உறவும் உண்டு. நம் ஊரிற் பிறந்த அம்மையார், இறைவன் திருநடம் கண்டு திருவாலங்காட்டில் இருந்தார் என்பது மரபு. அத்திருநடத்தின் உட்பொருளை ஆனந்தர் ஒரு கட்டுரையாக வரைந்தார். அது முதன்முதல் வெளிவந்தது மேனாட்டு இதழில் அன்று. 1912-இல் சென்னையினின்று வந்துகொண்டிருந்த சித்தாந்த தீபிகை என்னும் நம் சைவ இதழிலேயாம். பின் 1918-இல் அது நூலாகி உலகெங்கும் பரவிற்று. 1921-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த பெருந்தொகுதி ஒன்றில், சென்னை அருங்காட்சியகத்து நடராசத் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து ரோதின் என்னும் பிரெஞ்சுச் சிற்பி எழுதியதும், ஆனந்தர் எழுதியதும் ஒருங்கே இடம்பெற்றன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் காரைக்காலில் அம்மொழி கற்ற பெரியோர் பலர் இருந்தனர். நம் கன்னார் வார்த்த திருமேனியைப் பற்றி அம்மொழியில் அங்ஙனம் ஒரு நூல் எழுந்தது நமக்கு உவகை தருவதன்றோ?

பாஸ்டனில் 30 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பிற்காலத்தில் அவர் நோக்கு பொருள்களினின்று தத்துவத்திற்குச் சென்றது. வடமொழி, பாலி, கிரேக்கம், இலத்தீன் நூல்களை ஒப்புநோக்கி, கீழ்நாட்டாரும் இடைக்கால ஐரோப்பியரும் கைவினையைப் பற்றிக் கொண்ட கருத்து ஒன்றே எனக் காட்டினார். தாமசு அக்குவினாசு என்னும் பழைய கிறித்தவ ஞானியார் தந்த உவமை அவர்க்கு மிக உவப்பானது. வாள்-அரம் செய்வோன் அறுக்கும்பொருட்டு அதனை இரும்பாற் செய்வான். பளபளப்பு மிக்கதென்று கண்ணாடியாற் செய்யான் என்பதே அவ்வுவமை. அறுக்காத அரம் எத்துணை மின்னினும் அரமன்று.

அருங்காட்சியகத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே, கண்ணாடிப் பேழையில் வைத்த பொருள் தன் வாழ்விடத்தினின்று பிரிந்த பொருள் என அவர் அஞ்சாது கூறினார். அங்குள்ள பொருள் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஒருவர் கையிற் பயன்பட்டதே. அதனை வியப்பதற்காக மட்டும் வைத்திருப்பின் பாதியே அறிந்தவராவோம். இது எதற்காகச் செய்யப்பட்டது, யார்க்காகச் செய்யப்பட்டது, செய்தவன் என்ன எண்ணிச் செய்தான் என்று கேட்டாலன்றி முழுதும் அறிந்தவராகோம் என்பது அவர் போதனை. பழம்பொருளைப் போற்றிவிட்டு, அதே வித்தையுள்ள உயிருள்ள கம்மியனைப் பட்டினியில் விடுவோர் கலையன்பர் ஆகார் என்பதும் அதிலிருந்து தானே பெறப்படும்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அம்மாதத்தில் அவர்க்கு 70 வயது நிறைந்தது. பணியினின்று ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, தவநெறியில் எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9-ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

இவர் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை யாவை எனச் சிறிது சிந்திப்போம்.

முதலாவது, பொருளைப் பார்க்கக் கற்றல். நல்ல கத்தியைக் கையில் எடுத்தால் அலகின் கனம் பிடியோடு ஒத்திருக்கும், கையை இழுக்காது. முதுகினின்று வாய்வரை கனம் படிப்படியே குறையும். இடையில் மேடுபள்ளம் தோன்றாது. அலகு பிடியினுள் இறங்குமிடத்தில் இடைவெளி இராது. தோய்ச்சல் மிகின் வாய் உதிரும், குறையின் மழுங்கும். செம்மையாய்க் காய்ச்சி நீரில் தோய்த்தபின் மெல்லச் சூடேற்றி, அலகின்மேல் வைக்கோல் நிறம் படரும் பதத்தைக் கண்ணால் அறிந்து நிறுத்துபவனே வித்தகன். இவற்றைக் காண்பார்க்கே செய்தவன் அருமை விளங்கும்.

இரண்டாவது, செய்தவன் பெயரைக் கேட்டறிதல். பழங்காலத்துக் கம்மியன் தன் பெயரைப் பொறித்துப் புகழ் தேடவில்லை. அது அவன் பணிவு. ஆனால் அவன் பெயரை நாம் மறத்தல் நம் நன்றியின்மையாகும். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் மூதாதையர் எந்த ஊரிற் பட்டறை வைத்திருந்தனர், எவ்வெப்பொருள் செய்தனர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பாராக. ஆனந்தர் செய்ததும் இதுவே.

மூன்றாவது, பழைய கருவிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதிருத்தல். பாட்டனார் கைப்பிடித்த பாக்குவெட்டியோ, எழுத்தாணியோ, அரிவாளோ பரணிற் கிடப்பின், அதனைத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பீராக. தஞ்சைப் படைக்கொட்டிலுக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பரணுக்கும் நேரவேண்டா.

நான்காவதும் தலையாயதும், உயிருள்ள கம்மியனுக்கு வேலை கொடுத்தல். நாச்சியார்கோவில் விளக்கும் சுவாமிமலைத் திருமேனியும் திருப்பாச்சேத்தி அரிவாளும் இன்றும் கைத்தொழிலாக நிலவுகின்றன எனின், வாங்குவார் உள்ளதனாலேயே நிலவுகின்றன. மேனாடுகளிலும் யப்பானிலும் கைக்கத்தி செய்வாரைத் தேடிச்சென்று, ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, தக்க விலை கொடுத்து வாங்கும் அன்பர் உளர். நம்மவரோ கொல்லர் தெருவில் ஊசி விற்பதைப் பழமொழியாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, கடைத்தெருவில் ஆலைக்கத்தியை வாங்கி வருகின்றோம். இல்லத்தில் ஒரு திருமணம் நிகழுங்கால், வரிசைப் பொருள்களுள் நம் ஊர்ப் பட்டறையிற் செய்த அரிவாள்மணை ஒன்றையேனும் சேர்த்து வைத்தல் அரிதோ? பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு காசும், அவன் மகன் துருத்தியண்டை நிற்கும் ஒரு நாளைக் குறைக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

தந்தையின் நாட்டைக் குழந்தைப் பருவத்தில் இழந்த ஒருவர், அந்நாட்டின் கம்மியர் வாயிலாக அதனை மீண்டும் கண்டார். நாமோ அந்நாட்டிலேயே, அக்குலத்திலேயே பிறந்தவர்கள். நம் சங்கத்து அன்பர்கள் இப்பெரியாரின் நூல்களைத் தம் மக்களுக்கு அறிமுகம் செய்வதோடு, அடுத்த அறுவடைக்கு முன் தம் ஊர்ப் பட்டறையை ஒருமுறை நேரிற் சென்று கண்டு வருவாராக என வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.

வாழ்க கைவினை! வளர்க அதனைப் போற்றுவார்!